சுமைதாங்கி ஸ்டாப்பிங்

என் தோஸ்துக்கு,

இன்று காலை அலமாரியின் மேல்தட்டைத் துடைக்கும்போது உன் டிபன் டப்பா கையில் பட்டது. மூடியைத் திறந்தேன். எத்தனை முறை கழுவியும் உன் எண்ணெய்க் கத்தரிக்காய் வாசனை அதை விட்டுப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இதைத் தூக்கிக்கொண்டு ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னால் வந்து நிற்பாயே, அப்படியே கண்முன் வந்தாய். அழுகை வந்தது, அழுதேன். பிறகு அதே டப்பாவில் புளிச்சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். எங்கே என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஷூ கம்பெனியில் வாரமெல்லாம் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைத்தோம். லீவு நாளில் மற்றவர்கள் துணி துவைப்பார்கள், நாம் பழைய இடம் தேடிக் கிளம்பிவிடுவோம். உன் மாமியாரும் என் மாமியாரும் நம்மைத் திட்டுவதில் மட்டும் ஒரே கட்சி. விரிஞ்சிபுரத்தில் நீ கோயிலுக்குள் வராமல் வெளியிலேயே வெகுநேரம் நின்றாய். ஏன் என்று கேட்டால், "மதில் அழகுன்னுதான பழமொழி சொன்ன? மதில பாத்துட்டேன், போலாம் வா" என்றாய். வேலூர்க் கோட்டைக்குள் கோயில், மசூதி, சர்ச் மூன்றையும் சுற்றிவிட்டுத் திரும்பும்போது, "மூணும் ஒரே அகழிக்குள்ள சும்மா கீது. வெளிய டவுன் பஸ்ல ஒரு சீட்டுக்கு இன்னா சண்ட பாரு" என்று நீ உரக்கச் சொல்ல, நமக்கு முன்னால் சீட்டுக்குச் சண்டை போட்ட ஆள் வெட்கப்பட்டு எழுந்து உனக்கே இடம் கொடுத்தார்.

அந்தக் கல்லை நாம் தேடிப் போகவில்லை. பேரணாம்பட்டைத் தாண்டி ஆந்திரா எல்லைக்கு ஏறுகிற சாலையில் நம் பஸ் பஞ்சராகி நின்றது. மற்றவர்கள் டிரைவரைத் திட்டிக்கொண்டிருக்க, நீ ரோட்டோரம் நடந்தாய். இரண்டு கல்தூண், மேலே குறுக்காக ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு மலையேறி வருகிறவர்கள் யாரையும் கைகொடுக்கக் கூப்பிடாமல் மூட்டையை இறக்கி ஏற்றுவதற்கான சுமைதாங்கி. பிள்ளைத்தாய்ச்சியாகவே கண்மூடிய ஒருத்தியின் நினைவாக நடுவது என்று நான் சொன்னேன். உன் முகம் மாறியது. அதன் தூணில் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ரோடு அகலமாகப் போகிறது, கல்லை உடைக்கப் போகிறார்கள்.

கல்லைச் சுற்றியிருந்த ஊரில் மூன்று தெரு. மூன்றிலும் கேட்டோம். மலைப்பக்கத்துத் தமிழ்த் தெருவில், "அது தெலுங்குக்காரங்களுதும்மா. எழுத்த பாரு, ஜாங்கிரி மாதிரி சுத்திச் சுத்திப் போட்டு கீது" என்றார்கள். கீழ்ப்பக்கம் தெலுங்கு பேசும் குடும்பங்கள், "தமிழ்லதான எழுதியிருக்கு, அவங்கள கேளுங்க" என்றார்கள். ஓரமாக இருக்கும் பள்ளிவாசல் தெருவுக்குக் கல்லின் வெறும் பக்கம்தான் தெரியும். அவர்களுக்கு அது கோயில் கல். எல்லாருக்கும் அது அடுத்தவன் சொத்து. உடைந்தால் யாருக்கும் வலிக்காது.

எனக்குப் பேஜாராகிவிட்டது, போய்விடலாம் என்றேன். நீயோ கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தாய், செக்குமாடு தோற்றது. திடீரென்று கைதட்டிச் சிரித்தாய்.

"எழுத்து இங்க இருக்கறவங்களுக்கு இல்லடி, வர்றவங்களுக்கு! கடை போர்டு கல்லாவ பாத்தா இருக்கும்? ரோட்ட பாத்துதான இருக்கும்?"

ஆமாம். மலையிறங்கி ஆந்திராவிலிருந்து வருகிறவனுக்குத் தெலுங்கு. பாலாற்றுப் பக்கமிருந்து ஏறுகிறவனுக்குத் தமிழ். அவரவர் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரிவது அடுத்தவன் எழுத்து. குறுக்குக் கல்லின் மேல்முகத்தில் அப்பியிருந்த சுண்ணாம்பை நீ ஹேர்பின்னால் சுரண்டினாய், உள்ளே உன் வீட்டுப் பாஷை, உருது. நீ அதைப் படித்தாய், நான் தமிழைப் படித்தேன், எதிரே டீக்கடை வைத்திருந்தவர் தெலுங்கைப் படித்தார். மூன்றும் ஒன்றையே சொன்னது: இறக்கி வை, இளைப்பாறு. செத்தவள் பெயர் எங்கும் இல்லை. "பேரு போட்டிருந்தா ஒரு தெருவுக்குச் சொந்தமாயிருப்பா. இப்ப எல்லாருக்கும் பொண்ணு" என்றாய்.

அதற்குப் பிறகு வாரா வாரம் அங்கேதான் போனோம். ஒவ்வொரு தெருவையும் கைப்பிடித்து இழுத்துவந்து கல்லின் மறுபக்கத்தைக் காட்டினாய். உருதுவைத் தடவிப் பார்த்த பள்ளிவாசல் தெருப் பெரியவர் ஒருவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று தெருவும் ஒன்றாகப் போய் நின்றதும் ரோடு போடுகிறவர்கள் இறங்கி வந்தார்கள். கல்லை உடைக்காமல் ஓரமாகத் தள்ளி நட ஒப்புக்கொண்டார்கள். அந்த நாளுக்குக் காத்திருக்கும்போதுதான் காய்ச்சல் என்று படுத்தாய். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "திருப்பி நட்டுடப் போறாங்க, பாத்துக்கோ" என்றாய். ஜுர வேகத்தில் பிதற்றுகிறாய் என்று நினைத்தேன். நீ எழுந்து வரவேயில்லை.

நட்ட அன்று தெரிந்தது நீ பிதற்றவில்லை என்று. கிரேன் கல்லைத் தூக்கியதும் ஆரம்பித்தார்கள். தமிழ் எங்கள் தெருவைப் பார்த்து இருக்கட்டும் என்று ஒரு தெரு. அதெப்படி, தெலுங்குதான் எங்கள் பக்கம் என்று இன்னொன்று. மேல்கல்லைச் சாய்த்து உருது தெரியும்படி வையுங்கள் என்று மூன்றாவது. ஒரு காலத்தில் யாருக்கும் வேண்டாத கல்லுக்கு இப்போது மூன்று சொந்தக்காரர்கள். சத்தம் ஏற ஏற, இந்தப் பஞ்சாயத்தே வேண்டாமென்று கிரேன்காரர் கல்லை லாரியில் ஏற்றப் பார்த்தார்.

கூட்டத்தில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், நீ அறிவாய். ஆனாலும் குழிக்குள் இறங்கி நின்றேன். "திருப்பி நடறதா இருந்தா என்னையும் சேத்து மூடுங்க!" என்று கத்தினேன். அடுத்து உன் வார்த்தையைத்தான் எடுத்தேன். "கடை போர்டு எந்தப் பக்கம் பாக்கும்? கல்லாவயா, ரோட்டயா?"

டீக்கடைக்காரர் திரும்பித் தன் போர்டைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. "அந்தம்மா சொன்ன மாதிரியே வைங்கப்பா. வர்றவங்களுக்குத்தான் எழுத்து" என்றார். அந்தம்மா என்றது உன்னை. முன்பு எப்படி இருந்ததோ அப்படியே நட்டார்கள். மூன்று தெருவும் கைதட்டியது. ஜெயிச்சுட்டோம்டி!

இன்று பஸ்ஸில் இன்னொன்றும் நடந்தது. பெயரே இல்லாமல் இருந்த அந்தத் திருப்பத்தில் கண்டக்டர் விசில் ஊதி, "சுமைதாங்கியெல்லாம் இறங்கு!" என்றார். நான் மட்டும் இல்லை, நாலைந்து பேர் இறங்கினார்கள். எதிர்ப்பக்க பஸ்ஸில் மலையிறங்கி வந்த ஒருத்தி புளி மூட்டையைக் கல்மேல் வைத்துவிட்டுத் தெலுங்கை எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாசித்து முடித்ததும் முந்தானையால் முகம் துடைத்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் டப்பாவைத் திறந்து அவளுக்கும் புளிச்சோறு கொடுத்தேன்.

இறக்கி வை என்றுதான் மூன்று மொழியிலும் சொல்கிறது. பையை வைத்தேன். டப்பாவை வைத்தேன். உன்னை மட்டும் இறக்கி வைக்க மாட்டேன் போ.