இரண்டு பவுண்டு மிச்சம்

மார்லீன்,

அடுப்பின் மேல் பீன்ஸும் மான்கறியும் இருக்கிறது, சூடுபண்ணிச் சாப்பிடு. விறகுக்காரன் மத்தியானம் வருவான்; கொட்டகைச் சாவி காபி டப்பாவுக்குள். வியாழக்கிழமை இருட்டுவதற்குள் தம்பி லைலும் நானும் மலையிறங்கிவிடுவோம்.

நீ பேசாமல் இருப்பது புரிகிறது. நம் காரெட்டைப் பறித்த மலைக்கே மறுபடியும் எல்க் மான் வேட்டைக்குப் போகிறேன் என்றால் எந்தத் தாய்தான் பேசுவாள்?

லைல் நேற்றும் அதே பாட்டைப் பாடினான்: "ரெண்டு பேருக்கும் ஒரே கூடாரம் போதும்ணே. கூடாரத் துணி உன் பையில, கம்பு என் பையில. முதுகு தப்பிக்கும்." போன வருஷம் காரெட்டும் நானும் அப்படித்தான் பிரித்துத் தூக்கினோம். மானைத் துரத்தி ஆளுக்கொரு பக்கம் போனபோது பனி கொட்டியது. துணி என்னிடம். அவனிடம் வெறும் கம்புகள்.

"அவனவன் கூடாரம் அவனவன் முதுகுல" என்று லைலிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

நாய்க்கு மாத்திரை கொடு.

ராய்ஸ்

இன்னொன்று. காலையில் பையை எடை போட்டேன், குறைவாகக் காட்டியது. என் பழைய கூடாரத்தை எடுத்துவிட்டு, காரெட்டுக்கு வாங்கிய ஒற்றையாள் கூடாரத்தை வைத்திருக்கிறாய். அதையே கொண்டுபோகிறேன்.

அவன் அதை மறந்துவிட்டுப் போனான் என்று ஒரு வருஷமாகச் சொல்லி அழுகிறாய். அவன் மறக்கவில்லை, மார்லீன். கிளம்பும்போது அவன் பையிலிருந்து நான்தான் எடுத்து அலமாரியில் வைத்தேன். "ரெண்டு பவுண்டு மிச்சம்டா" என்றேன்.

"சரிப்பா" என்றான்.