படலையில் கட்டிய வெள்ளை

வவுனிக்குளம்,
மல்லாவி.
பங்குனி 1999

அன்பு மகள் ஜெயரூபிக்கு,

அப்பா எழுதுவது. பிள்ளையார் துணையால் நானும் அம்மாவும் உன் மகள் கஜந்தினியும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் மருமகன் நிஷாந்தனும் அப்படியே இருக்க வேண்டும். நலம் எழுதி முடிந்தது. இனி எழுதப் போவதெல்லாம் கோபம், ஆறுதலாக இருந்து வாசி. கோபம் தணிந்த பிறகு எழுதுங்கோ என்று அம்மா சொன்னா. தணிந்த பிறகு எழுதினால் எழுத வேண்டியதை எழுதாமல் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் எழுதி முடித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

கஜியின் ஆறாவது பிறந்தநாளுக்கென்று நீ போட்ட கடிதம் பிறந்தநாளுக்கு முதல்நாள் பின்னேரம்தான் வந்து சேர்ந்தது. வவுனியாவில் எங்கே கிடந்து வந்ததோ, அதற்கு உன்னைக் குற்றம் சொல்லவில்லை. சந்தியில் வைத்துத்தான் என் கையில் தந்தார்கள், ஆகவே நான் வீடு வந்து சேர முதலே இளையதம்பியர் வீட்டுக்குக் கனடாக் கடிதம் வந்த கதை ஊர் முழுக்கப் போய்விட்டது, இதை மனதில் வைத்துக்கொள், பிறகு வரும். பிரித்து வாசித்தால், அங்கே பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஒரு தீம் வைப்பார்களாம், ஒரு வீட்டில் கடல் வைத்தால் மற்ற வீட்டில் காடு வைப்பார்களாம், எங்கள் கஜிக்குப் பனி வைக்க வேண்டுமாம். வீடு வெள்ளை, உடுப்பு வெள்ளை, கேக் வெள்ளை, வேறு ஒரு நிறமும் படத்தில் விழக்கூடாதாம், நாளைக்குக் கனடாவில் வந்து இறங்கும்போது பனியைக் கண்டு வெருளாமல் இருக்கப் பிள்ளை இப்போதே பழகட்டுமாம், உன்னோடு வேலை செய்கிற பெண்களுக்கும் படத்தைக் காட்ட வேண்டுமாம். கடையில் பஞ்சு வாங்கி ஒட்டச் சொல்கிறாய். பஞ்சு இங்கே ஆமி உள்ளே விடாத தடைச் சாமான் என்பது உனக்கு மறந்துபோனதா, காயத்துக்கு வைக்கப் பஞ்சில்லாமல் ஆஸ்பத்திரியில் பழஞ்சீலை கிழிக்கிறார்கள். மேசையில் உப்பைத் தூவச் சொல்கிறாய். ஆனையிறவு உப்பளம் யாரிடம் கிடக்கிறது என்று நிஷாந்தனைக் கேள், அவருக்காவது ஞாபகம் இருக்கலாம். பங்குனி வெயிலில் நாய் கிணற்றடி ஈரத்தை விட்டு எழும்புதில்லை, அதற்குள் நாங்கள் பனி கொட்ட வேண்டும், அதுவும் ஒரே இரவுக்குள்.

முடியாது என்று நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். உன் அம்மாதான் விடவில்லை. மகள் ஆசையாகக் கேட்டிருக்கிறாள், வேறு என்ன கேட்டாள், என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டா. அந்தக் கண்ணீர் பொல்லாதது, உனக்கும் தெரியும், அதைக் காட்டித்தானே நீ கனடா போகவும் என்னிடம் சம்மதம் வாங்கினாய். விடியப்புறமே பக்கத்துக் காணிப் பழனியாண்டியைக் கூப்பிட்டு அவன் வளவு இலவ மரத்தில் காய் பறிப்பித்தேன். அம்மா காயை உடைத்துப் பஞ்செடுத்து, கோதுமை மாப் பசையில் தோய்த்துச் சுவரெல்லாம் ஒட்டினா. பாதி பஞ்சு சுவரில், மீதி எங்கள் மூக்கில். கஜி இருமத் தொடங்கினாள், நான் தும்மினேன், மாடுகூடத் தும்மியது. கடிதத்தோடு நீ அனுப்பிய மாதிரிப் படத்தில் ஒரு பனிமலை இருந்தது, எங்களிடம் மலை ஏது, குண்டுக்குப் பதுங்குகிற பங்கருக்கு மேல் குவித்திருக்கிற மண்மேடுதான் மலை. அதன் மேல் அம்மா என் கோயில் வேட்டியை விரித்துப் பஞ்சைத் தூவி மலையாக்கினா. உன் அம்மா அலுமாரியில் வைத்திருந்த வெள்ளைச் சீலையைக் கிழித்து, மாமரத்திலிருந்து வாசல் படலை வரைக்கும் நீளமாகக் கட்டச் சொன்னா, கட்டினேன். மணல் போட்ட சட்டிக்குள் கேக்கை வைத்து வேகவைத்து, மேலே தேங்காய்ப்பூ தூவினா. அதை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன், நன்றாக வந்தது.

இனித்தான் விசயம். விடியவே வழக்கம்போல நான் படலையில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தேன். ஒரு பிறந்தநாள் வீடென்றால் படலையில் மாவிலையாவது வேண்டாமா. எல்லாம் முடிந்த பிறகு அம்மா உன் கடிதத்தை மறுபடியும் எடுத்து வாசித்து, பச்சை விழக்கூடாது என்று எழுதியிருக்கிறாள், மாவிலையை அவிழுங்கோ என்றா. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்த்தேன். அவிழ்க்கும்போது மனதில் ஒன்று உறுத்தியது, ஆனால் படம் பிடிக்கிற செல்வராசாவும் பிள்ளைகளும் வருகிற நேரம் ஆகிவிட்டது என்று அம்மா விரட்டிய விரட்டில் அது என்னவென்று நின்று யோசிக்கவில்லை. இப்போது நீ யோசித்துப் பார். படலையில் மாவிலை இல்லை. வெள்ளைச் சீலை மட்டும் தொங்குகிறது. முற்றத்து மேட்டில் வெள்ளை வேட்டி மூடிக்கிடக்கிறது. முதல்நாள் கனடாவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ரோட்டால் போகிறவன் என்ன நினைப்பான்? நீ அங்கே போய் என்ன படித்தாயோ தெரியாது, வெள்ளையை எந்த வீட்டில் கட்டுவார்கள் என்பதை மட்டும் மறந்துவிட்டாய்.

முதலில் வந்தது பழனியாண்டியின் பெண்சாதி ராக்காயி. நெல் அருவி வெட்டு முடித்து வயலால் வந்தவள், புருசன் இலவங்காய் பறித்த கதை அவளுக்குத் தெரியாது. படலையைக் கண்டாள், கையிலிருந்த அரிவாளைப் போட்டாள், தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "பெத்த புள்ளைய இங்க விட்டுட்டுக் கண்காணாத சீமையில போயிட்டியே தாயி" என்று வைத்தாளே ஒரு ஒப்பாரி. அவளுக்குப் பின்னால் வயலில் நின்ற சனமெல்லாம். செல்வராசா சைக்கிளை ரோட்டிலேயே சாத்திவிட்டு, தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "ஐயா, படமெடுக்க ஆள் விட்டனீங்கள், இதுக்கெண்டு எனக்குத் தெரியாது" என்று என் இரண்டு கையையும் பிடித்தான். செத்த வீட்டுப் படங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக அவன் எடுக்காத வீடில்லை, இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்துவிட்டான், மேட்டை மேட்டைப் பார்த்தான். என் மகள் உயிரோடு இருக்கிறாள், இது பிறந்தநாள், என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். கத்தக் கத்த, துக்கத்தில் மனிசனுக்கு மூளை குழம்பிப் போச்சு என்று சனத்தோடு வந்த ஏரம்பு அண்ணர் என்னைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் தந்தார். கடைசியில் அம்மா கேக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் நம்பினார்கள். பிறகு சிரிப்பு. ராக்காயி அழுத கண்ணோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நானும் கோபத்தை மறந்து சிரித்திருப்பேன், கஜியைத் தேடாமல் இருந்திருந்தால்.

கஜி முற்றத்தில் இல்லை. குசினியில் இல்லை. வெள்ளைச் சட்டையோடு நெல்மூட்டைகளுக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். அழவில்லை, அதுதான் என்னைக் கொன்றது. வா பிள்ளை, படமெடுக்க வேணும் என்றேன். தன்னைப் படமெடுக்க வேண்டாம் என்று கையைப் பறித்தாள். கனடாவில் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, ராக்காயி பிழையாக நினைத்துவிட்டாள் என்று எல்லாம் விளங்கப்படுத்தினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பெரிய ஆள் மாதிரி எனக்கு ஆறுதல் சொன்னாள், "எனக்கு முதலே தெரியும் அம்மப்பா. சுவரில படத்தில இருக்கிற ஆக்கள் எல்லாரும் செத்த ஆக்கள்தானே. அம்மாவும் படத்திலதானே இருக்கிறா."

எங்கள் வீட்டுச் சுவரில் யார் யார் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். என் அப்பா, என் அம்மா, பளையில் செல் குண்டு விழுந்து போன உன் தம்பி சதீஸ். அவனுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து உன் படத்தையும் மாட்டியது நான்தான், பிள்ளை தாயின் முகத்தை மறக்கக்கூடாது என்று. அவள் விளையாடப் போகிற வீடுகளின் சுவர்களிலும் அப்படித்தானே படங்கள், மாலை போட்டு, பூ வைத்து. கொஞ்சக் காலமாக அவள் விடியப்புறம் செவ்வரத்தம் பூப் பிடுங்கி சதீசுக்கு ஒன்று, உனக்கு ஒன்று என்று வைத்து வந்தாள். தாயில் எவ்வளவு பாசம் பார் என்று உன் அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிப் பூரித்தா. அந்தப் பூ எதற்கென்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது, ஜெயரூபி. ராக்காயி வந்து ஒப்பாரி வைக்க முதலே உன் பிள்ளை உனக்குத் துக்கம் கொண்டாடி முடித்துவிட்டாள்.

இல்லை, அம்மா உயிரோடு இருக்கிறா என்று நானும் விடாமல் சொன்னேன். அப்ப என்னோடு கதைக்கச் சொல்லுங்கோ என்றாள். நீ அவளை மூன்று வயதில் விட்டுப் போனாய், ஏஜென்சிக்காரன் பிள்ளையோடு கூட்டிக்கொண்டு போகமாட்டான், ஆறு மாதத்தில் அவளையும் கனடாவுக்கு எடுப்பிப்பேன் என்றாய். எடுப்பிக்கிற அலுவலுக்கு நீங்கள் இரண்டு பேரும் அங்கே படுகிற பாடு எனக்குத் தெரியாமல் இல்லை, நிஷாந்தன் இரண்டு வேலை செய்கிறார் என்று எழுதினாய், அதில் எனக்குக் கோபமில்லை. டெலிபோன் கதைக்க வவுனியாவுக்குப் போக வேண்டும், பிள்ளைக்கும் எனக்கும் வெளியே போகப் பாஸ் தருகிறார்கள் இல்லை, அதிலும் உன்னில் கோபமில்லை. ஆனால் இத்தனை காலமும் நீ அனுப்பியது படம், கேட்டதும் படம். பனிக்குள் நிற்கிற படம், காருக்குப் பக்கத்தில் நிற்கிற படம். எல்லாவற்றிலும் நீ வாயை மூடிக்கொண்டு நிற்கிறாய். பனிக்குப் பழக்கச் சொல்லி எழுதத் தெரிந்த உனக்கு, பிள்ளை உன்னோடு பழகவில்லை என்பது ஏன் தெரியாமல் போனது?

நீ கேட்ட படம் இதோடு வராது. செல்வராசா எடுக்காமலே கேக்கைத் தின்றுவிட்டுப் போய்விட்டான். அம்மா எழுதச் சொன்னது, பஞ்சைச் சுரண்டினால் சுவர் மண்ணும் சேர்ந்து வருகிறதாம், கஜிக்கு இருமல் குறைந்துவிட்டதாம், நீ நேரத்துக்குச் சாப்பிட வேண்டுமாம். மாவிலையை நான் அன்றைக்கே திரும்பக் கட்டிவிட்டேன். சுவரிலிருந்த உன் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். நீ பேசினால்தான் அது வெளியே வரும்.

ஆகவே மகள், இந்தக் கடிதம் கிடைத்த உடனே ஒரு கசெட்டில் உன் குரலைப் பதிந்து அனுப்பு. பாட்டுப் போடாதே. என்னையும் அம்மாவையும் நலம் விசாரித்துக் கசெட்டை நிரப்பாதே. வவுனியாச் சோதனையில் போட்டுக் கேட்டுத்தான் விடுவார்கள், அதனால் ஊர்க்கதை உலகக்கதை ஒன்றும் வேண்டாம். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடு, பிறகு என்ன வருகிறதோ அதைச் சொல், அழுகை வந்தால் அழு, செத்த ஆட்கள் அழமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளையார் உங்கள் இரண்டு பேரையும் நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், மூன்று பேரும் ஒரு மேசையில் இருந்து சாப்பிடுகிற நாளை எனக்கும் அம்மாவுக்கும் காட்டட்டும். பற்றரி இல்லாத ஊரில் கசெட்டை எப்படிக் கேட்பார்கள் என்று யோசித்து நாளைக் கடத்தாதே. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் கசெட் றேடியோவைக் கொழுவி, பெடலைக் கையால் சுற்றித்தான் இங்கே எல்லோரும் கேட்கிறோம். கை தளர்ந்தால் குரல் இழுபடும். நீ பேசி முடிக்கும் வரைக்கும் நான் இழுபட விடமாட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தணியாத உன் அப்பா,
ச. இளையதம்பி