பேணிக்குள் இருந்த பதினான்கு டிறில் பிட்கள்

இஞ்சருங்கோ,

அன்போடுதான் கூப்பிடுகிறேன். இருபத்திரண்டு வருடமாக உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன், வேறு விதமாக எனக்கு வராது. ஆனால் இந்தக் கடிதத்தில் அன்பு இந்த ஒரு வரியோடு சரி. உயிரோடு இருந்திருந்தால் ஒரு மாதத்துக்கு உங்களோடு கதைத்திருக்க மாட்டேன். செத்துப்போய்த் தப்பிவிட்டீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் உங்கள் பட்டறைக் கொட்டிலைத் திறந்தேன். உங்கள் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்து இரண்டு மாதமாகியும் அந்தத் தகரக் கதவில் நான் கை வைக்கவில்லை. இரும்புக் கேற் செய்கிற மணியண்ணை வந்து நின்றார். இரும்பில் துளை போடுகிற தன் டிறில் பிட்டை உங்களிடம் தீட்டக் கொடுத்திருந்தாராம், அதைத் திருப்பி எடுக்க வேண்டுமாம். "நீங்கள் ஏன் தங்கச்சி மினக்கெடுறீங்கள்? திறப்பைத் தாங்கோ, நானே எடுக்கிறன்" என்று அவசரப்பட்டார். எனக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை. நானே போனேன்.

தீட்டி முடித்ததைப் போடுகிற பால்மாத் தகரப் பேணி மேசையில் அப்படியே இருந்தது. கவிழ்த்துக் கொட்டினேன். பதினான்கு பிட்கள். மணியண்ணையின் அரை அங்குலப் பிட்டை எடுத்து, பழக்க தோஷத்தில் வாசல் வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் இப்போது நான் சொல்லுவேன், நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். பிட்டின் நுனியில் இரண்டு வெட்டு ஓரங்கள் இருக்கும். இரண்டும் ஒரே நீளம், ஒரே சரிவு, சரியாக நடுவில் சந்திக்க வேண்டும். ஒன்று நீண்டுவிட்டால் துளை பெருத்துவிடும், ஆணி ஆடும். இரும்பில் வைத்து ஓட்டும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சுருள் எழும்பினால்தான் நீங்கள் அதைப் பேணிக்குள் போடுவீர்கள். அளவுகருவி ஒன்றை உங்கள் கையில் நான் கண்டதே இல்லை. வெளிச்சத்துக்குப் பிடித்து ஒரு கண்ணை மூடுவீர்கள், அவ்வளவுதான். சண்டை முடிந்து மீளக்குடியேறி வந்த புதிதில் ஊருக்குள் புதுப் பிட் ஒன்றும் இல்லாத நேரம், துருவேறிக் கிடந்ததையெல்லாம் அந்தக் கண்ணால் பார்த்தே தீட்டிக் கொடுத்தீர்கள். அதனால்தான் ஊர் உங்களைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

பதினான்கும் பிழை. ஒன்றுகூடச் சரியில்லை. ஒரு ஓரம் நீளம், மற்றது கட்டை. சிலவற்றில் நுனியே நடுவை விட்டு விலகிக் கிடந்தது. இரண்டு பிட்கள் நீலம் பாரித்திருந்தன. தீட்டுக்கல்லில் பிடித்தபடி இருந்திருக்கிறீர்கள், சூடேறி நிறம் மாறினது தெரியவில்லை. நம்ப மனமில்லாமல் ஒன்றை டிறில் மிசினில் பூட்டி ஒரு இரும்புத் துண்டைத் துளைத்தேன். ஒரு பக்கத்தில் மட்டும் சுருள் வந்தது. ஆணியைப் போட்டுப் பார்த்தேன், கடகடவென்று ஆடியது.

வாசலில் மணியண்ணை தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"எவ்வளவு காலமா, மணியண்ணை?"

"என்னது, தங்கச்சி?"

"ஒண்டும் தெரியாத மாதிரி நிக்காதேங்கோ."

"ஒரு வருசம் இருக்கும். ரெண்டு கண்ணும் மங்கிக்கொண்டு போகுது, பொழுதுபட்டா எல்லாம் புகை மாதிரிக் கிடக்கு எண்டு தம்பி ஒருக்காச் சொன்னவன். உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கிப்போட்டான்."

"அப்ப ஏன் திரும்பத் திரும்ப இஞ்சை பிட் கொண்டு வந்தனீங்கள்?"

"வராமல் விட்டா அவன்ரை மனம் நொந்துபோமெல்லே? கொண்டுபோய் வீட்டிலை நானே திருப்பித் தீட்டிறனான். நான் மட்டுமில்லை, எல்லாரும் அப்பிடித்தான்."

கேட்டீர்களா? ஊரே உங்களிடம் பிட்டைத் தந்து, வாங்கும்போது "நல்ல கூர்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் வேலிக்குப் பின்னால் திருப்பித் தீட்டியிருக்கிறது. ஒருவருக்குக்கூட "அண்ணை, ஓட்டை ஆடுது, கண்ணைக் காட்டுங்கோ" என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லோரும் நல்ல மனிதர்களாம். அந்த நல்ல மனதைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டட்டும்.

உங்களை விடுவேன் என்று நினைக்க வேண்டாம். போன வருடம் ஒருநாள் நான் தேத்தண்ணியோடு வந்தபோது என்ன சொன்னீர்கள்? "இஞ்சரும், இனிக் கொட்டிலுக்குள்ளை வராதையும். கல்லுத் தூசு, உமக்கு இழுப்பு வரும்." நான் அதை எவ்வளவு பெருமையாக ஊருக்குச் சொல்லித் திரிந்தேன்! இருபது வருடம் உங்கள் பக்கத்தில் நின்று, சூடான பிட்டைத் தண்ணீரில் தோய்த்துத் தந்தவளுக்கு அதுவரை வராத இழுப்பு திடீரென்று எங்கிருந்து வரும்? இந்த மக்கு மண்டைக்கு அது உறைக்கவில்லை.

பெருவிரல் முழுக்கச் சின்னச் சின்ன வெட்டு. ஒவ்வொரு இரவும் நான்தானே மஞ்சள் வைத்துக் கட்டினேன். கண்ணால் பார்க்க முடியாததை விரலால் தடவிப் பார்த்திருக்கிறீர்கள். பேப்பர் வாசிப்பதை விட்டுவிட்டு "எல்லாம் பொய்யாத்தான் எழுதிறாங்கள்" என்றீர்கள். கோப்பையை மேசையில் துழாவியபோது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் அரை மணித்தியாலம்கூட இல்லையே. என்னோடு ஒருநாள் வந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

இப்போது சிவராசாவின் கதைக்கு வருகிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகிற வீதியில், ரயருக்குக் காற்றுப் போய் அவருடைய உழவு மிசின் பின்னால் கொழுவிய பெட்டியோடு ஓரத்தில் நின்றது. பொழுதுபடுகிற நேரம் நீங்கள் மோட்டார் சைக்கிளில் போய் அந்தப் பெட்டியின் பின்பக்கம் மோதினீர்கள். செத்தவீட்டன்று அவர் துணுக்காயிலிருந்து வந்து எங்கள் படலையடியில் நின்றார். உள்ளே வரவில்லை. என்னைவிட வயது கூடிய மனிதர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா, பின்னாலை சிவப்பு லயிற் எரிஞ்சுகொண்டுதான் நிண்டது. கடவுளாணை."

"போ இஞ்சையிருந்து!" என்று கத்தினேன். "என்ரை மனிசன் ஒரு பிட்டிலை மயிரளவு பிசகு இருந்தாலும் கண்டுபிடிக்கிறவர். அவரின்ரை கண்ணுக்கு உன்ரை பெட்டி தெரியாமல் போகுமோ? லயிற் போடாமல் நிண்டுபோட்டு இஞ்சை வந்து பொய் சொல்லுறியோ?"

அதையேதான் பொலிசிலும் வாக்குமூலமாகக் கொடுத்தேன். லயிற் எரிந்ததாக அவர் சொல்கிறார், எரியவே இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தேன். நான் அந்த இடத்தில் நின்றேனா? இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் கண்தான். அந்தக் கண்ணை நம்பித்தான் கையெழுத்து வைத்தேன். பக்கத்தில் நின்ற மணியண்ணை தொண்டையைச் செருமியதோடு சரி. இன்று சிவராசாவின் சாரதி அனுமதிப் பத்திரம் கோட்டில் பறிமுதலாகிக் கிடக்கிறது. காலபோக நெல்லுக்கு உழவு தொடங்கிவிட்டது, அவருடைய மிசின் முற்றத்தில் நிற்கிறதாம். அடுத்த புதன்கிழமை வழக்குத் தவணை.

அந்தச் சிவப்பு வெளிச்சம் உங்களுக்குத் தெரிந்ததா? தெரிந்தும் தூரத்தில் என்று நினைத்தீர்களா? இல்லாவிட்டால் அதுவும் புகைதானா? அதற்கு மட்டுமாவது ஒரு பதில் சொல்லியிருக்கலாம்.

கோட்டில் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்று மணியண்ணையிடம் சொன்னேன். அவர் பதறிப்போனார்.

"செத்த மனிசனை ஏன் தங்கச்சி கோட்டுக்கு இழுக்கிறீங்கள்? ஊரிலை தம்பிக்கு ஒரு பேர் இருக்கு. கண் தெரியாமல் ஓடிப்போய் அடிபட்டவன் எண்டு நாளைக்குச் சனம் கதைக்காதோ?"

"கதைக்கட்டும். ஒரு வருசம் கதைக்காமல் இருந்தனீங்கள், என்ன கிடைச்சது? உயிரோடை இருக்கிற மனிசன் ஒண்டு துணுக்காயிலை ஒடுங்கிப்போய்க் கிடக்கு. புதன்கிழமை நீங்களும் என்னோடை வாறீங்கள். நீங்கள் திருப்பித் தீட்டின கதையை உங்கடை வாயாலை சொல்லுறீங்கள்."

அவர் தன் பிட்டைத் தரச் சொல்லிக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அதுவும் பேணிக்குள்தான் கிடக்க வேண்டும், அவரும் கோட்டுக்கு வந்துதான் வாங்க வேண்டும் என்றேன். கடைசியில் "ஓம், வாறன்" என்றார். அழுதார். அழட்டும், அந்த அழுகையை ஒரு வருடத்துக்கு முதல் என்னிடம் வந்து அழுதிருக்கலாம்.

உங்களுக்குப் பெயர் கெடும் என்று எனக்கும் தெரியும். கோபத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். நேற்று முழுக்க யோசித்தேன். பதினான்கையும் நானே திருப்பித் தீட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாமா என்றுகூட நினைத்தேன். கிறைண்டரைப் போட்டு ஒரு பிட்டைக் கையில் எடுத்தும் விட்டேன். பிறகு சுவிச்சை நிற்பாட்டினேன். நானும் அதையே செய்தால் மணியண்ணைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே இது என் வாக்கு. புதன்கிழமை அந்தப் பேணியை அப்படியே கொண்டுபோவேன். என் வாக்குமூலம் பிழை என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லுவேன். சிவராசாவிடம் எனக்காகவும், வர முடியாத உங்களுக்காகவும் மன்னிப்புக் கேட்பேன். படலையடியில் நின்றவரை வீட்டுக்குள் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுப்பேன்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து உங்கள் படத்துக்கு நான் பூ வைக்கவில்லை, விளக்கும் கொளுத்தவில்லை. சிவராசா எங்கள் வீட்டுக் கதிரையில் வந்து இருக்கிற அன்றைக்கு வைக்கிறேன். அதுவரைக்கும் வெறும் படமாகவே இருங்கள்.

கோபம் ஆறாத,
உங்களுடைய இஞ்சரும்.