அத்தான் அடைத்த தோட்டாக்கள்

பிப்ரவரி 3
இலக்கு அட்டையில் மறுபடியும் அதே கதை. ஒரு ஓட்டை மேலே, ஒன்று கீழே. இந்த லட்சணத்தில் சுட்டால் அணித் தேர்வுப் போட்டிக்கு எந்த முகத்தோடு போவது? “உனக்குக் கை பதறுது. ஒழுங்கா தூங்குறியா?” என்றார் அத்தான். அக்காவின் கணவர், எனக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். இன்றும் வெடிமருந்தை அளந்து போட்டு எனக்குத் தோட்டா அடைத்துத் தருபவர்.

பிப்ரவரி 8
தூங்கினேன். ஒன்றும் மாறவில்லை.

பிப்ரவரி 14
சுடுதளத்தில் கிளப் செயலாளர் குரோனோகிராஃப் கொடுத்தார். துப்பாக்கிக்கு முன்னால் வைத்தால், தாண்டிப் போகும் தோட்டாவின் வேகத்தைத் திரையில் காட்டும். “தப்பு கையிலயா மருந்துலயான்னு தெரிஞ்சிடும்.”
நொடிக்கு 811 மீட்டர். அடுத்தது 786. பிறகு 852. அதைச் சுட்டதும், வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளும் போல்ட் இறுகிக்கொண்டது. செயலாளர்தான் தட்டித் திறந்தார். “நிறுத்தும்மா. மருந்து தாறுமாறா இருக்கு. இன்னும் கொஞ்சம் கூடியிருந்தா உன் முகத்துலயே வெடிச்சிருக்கும்.”
என் கை மேல் தப்பில்லை. சந்தோஷப்படணும்தானே? வரல. அத்தான் எவ்வளவு கவனமான மனுஷன் — அவரா?

பிப்ரவரி 15
அவர் மருந்து அளப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தராசின் எண்ணைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.
“எவ்வளவு காட்டுது அத்தான்?”
“நடுவுல புகை மாதிரி மறைக்குது. ஆறு மாசமா. உங்க அக்காகிட்ட சொல்லிடாத.”
852 பற்றிச் சொன்னேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். “உன்னைக் கொன்னிருப்பேனே...” அவர் அழுது நான் பார்த்ததே இல்ல. தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.
“அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் கூட இருக்கேன்.”

பிப்ரவரி 16
சொன்னார். அக்கா திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, “கிளம்புங்க, டாக்டர்கிட்ட” என்றாள்.

பிப்ரவரி 19
போன பார்வை போனதுதானாம். மிச்சத்தை ஊசி போட்டுக் காப்பாற்றலாம் என்கிறார் கண் டாக்டர்.

மார்ச் 22
தேர்வுப் போட்டியில் ஆறாவது இடம். நாலு பேரைத்தான் எடுத்தார்கள். கடைத் தோட்டா, கைக்குப் பழகவில்லை. அத்தானிடம் அதைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 12
ஒரு வாரமாக அத்தான் சொல்லச் சொல்ல அக்கா தோட்டா அடைத்தாள். நடுநடுவே சண்டை. “எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, சும்மா இருங்க.” இன்று மூவருமாகச் சுடுதளம் போனோம். நான் சுட்டேன், குரோனோகிராஃப் காட்டியதை அக்கா அவருக்குப் படித்தாள். 808. 810. 809.
“இன்னொரு தடவை படி.”
“ஏன், தப்பா?”
“இல்ல. கேக்க நல்லா இருக்கு.”