டூராக்குக்கு முடி வெட்ட ஆள் தேடிய கதை

ஹார்லிங்கன்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பவுக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கட்டிய கணவன்கூடக் கேட்கக் கூடாது என்பது உன் உத்தரவு. ஆகவே கேட்கவில்லை. போனில் கூப்பிட்டால் உன்னைவிட நர்ஸிடம்தான் அதிகம் பேசுகிறேன் என்றாய். ஆகவே கடிதம் எழுதுகிறேன். நேரில் வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாலோ உனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறதாம். "ஆபரேஷன் என் இதயத்துக்கா, உன்னோடதுக்கா? வீட்டுக்குப் போய் நல்ல ஆளாப் பாத்து டூராக்குக்கு முடி வெட்டி வை. திங்கக்கிழமை ஆபரேஷனுக்கு நீ வரலாமா வேணாமான்னு அப்புறம் சொல்றேன்" என்று விரட்டிவிட்டாய். நாய்க்கு முடி வெட்டுவது இப்போது அவ்வளவு அவசரமா என்று க்ரோனிங்கன் ஆஸ்பத்திரியிலிருந்து ரயிலில் வரும் வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து அவனைத் தடவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. காதுக்குப் பின்னாலும் தொடையிடுக்கிலும் முடி சிக்குப் பிடித்து இறுகிக் கிடக்கிறது. நடந்தால் தோல் இழுத்து வலிக்கிறது போலும், ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறான். போன தடவை வெட்டிய ஆள் முடியோடு காதையும் சேர்த்து வெட்டியதிலிருந்து, நான் காகிதம் வெட்டக் கத்தரி எடுத்தால்கூட மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான். இவனை யாரை நம்பி விடுவது?

முதலில், மீன் அங்காடிக்குப் பின்னால் தன் கராஜிலேயே தொழில் நடத்தும் ஒருவரிடம் போனேன். ஒரு குட்டி நாயை மேசைமேல் ஏற்றி, கழுத்துக் கயிற்றை மேலே கொக்கியில் மாட்டிவிட்டு, அவர் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். அது கீழே குதித்தால் தூக்கில் தொங்குமே என்றேன். "இதுவரைக்கும் எதுவும் தொங்கலையே!" என்றார். காலமெல்லாம் பாலத்தைத் தூக்கி இறக்கிப் படகுகளை அனுப்பிய எனக்கு அந்த 'இதுவரைக்கும்' பிடிக்கவில்லை. அந்தக் குட்டியைக் கொக்கியிலிருந்து கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த கடையில் வாசனை மூக்கைத் துளைத்தது. இந்த வேலையை எங்கே படித்தீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். சின்ன வயதிலிருந்தே நாய் என்றால் உயிராம். எனக்கும்தான் பல் என்றால் உயிர், அதற்காக ஊரார் பல்லைப் பிடுங்கக் கிளம்பினேனா என்று கேட்டேவிட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. "பயந்த நாய்தானே? கவலைய விடுங்க, ஒரு தூக்க மாத்திரை குடுத்தாப் போச்சு" என்றாள். அவன் எடை என்ன, வயது என்ன, நோய் ஏதும் உண்டா, ஒரு கேள்வி கிடையாது. டூராக் என்னை இழுப்பதற்குள் நானே அவனை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நாளை மறுநாள், கால்நடை மருத்துவர் சொன்ன ரென்ஸ்க என்ற பெண்ணிடம் போகிறோம். நீ மருந்தை வேளைக்குச் சாப்பிடு. இது விசாரிப்பு அல்ல, நினைவூட்டல்.

உன்,
கோசே

---

ஹார்லிங்கன்,
வியாழக்கிழமை

அன்புள்ள பவுக்கா,

வேலை முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

ரென்ஸ்கவைக் குறுக்கு விசாரணை செய்யலாம் என்றுதான் போனேன். அவள் என்னைச் செய்துவிட்டாள். படித்த சான்றிதழைச் சுவரில் காட்டிவிட்டு ஆரம்பித்தாள்: தடுப்பூசி போட்டாயிற்றா, காதை வெட்டியது எப்போது, எங்கே தொட்டால் கடிப்பான், மூச்சு வாங்குமா. பாதிக்குத்தான் எனக்குப் பதில் தெரிந்தது. மீதி உனக்குத்தான் தெரியும். எனக்குக் காப்பியும் ஒரே ஒரு பிஸ்கட்டும் வைத்துவிட்டு டப்பாவை அழுத்தி மூடினாள், சிக்கனத்தில் நம் ஊர்க்காரிதான். டூராக்கைத் தொடவே இல்லை. அவன் மேசை, கத்தரி, எல்லாவற்றையும் மோந்து பார்த்து, கடைசியில் என் பிஸ்கட்டையும் தின்ற பிறகுதான் மேசையில் ஏற்றினாள்.

நான் பக்கத்தில் நின்று அவன் காலைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லச் சொல்ல அவன் நடுங்கினான். ரென்ஸ்க கத்தரியைக் கீழே வைத்தாள். "பெரியவரே, அவன் கத்தரியப் பாத்து நடுங்கல. உங்க மூஞ்சியப் பாத்து நடுங்குறான். நீங்க 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்றதக் கேட்டா எனக்கே ஏதோ ஆகப்போகுதுன்னு பயமா இருக்கு. வெளிய நில்லுங்க. சன்னல் வழியாப் பாருங்க, நான் மறைக்க மாட்டேன். ஆனா அவன் கண்ணுல படாதீங்க" என்றாள்.

கொட்டுகிற மழையில் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே குந்திக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தேன். சைக்கிளில் போன ஒரு அம்மாள் நிறுத்தி, எதையாவது தொலைத்துவிட்டேனா என்று விசாரித்தாள். உள்ளே அவன் அசையாமல் நின்றான் பவுக்கா. ஒரு கொட்டாவிகூட விட்டான். அவள் ஒரு கை எப்போதும் அவன்மேலேயே இருந்தது. சிக்கை இழுக்காமல் ஒட்ட மழித்தாள். வெட்டுப்பட்ட காதைக் கடைசியில்தான் தொட்டாள். வெளியே வந்தபோது இறகு பிடுங்கிய கோழி மாதிரி இருந்தான். என் காலில் சாய்ந்து நின்றான். நான் அழுதுவிட்டேன். நல்லவேளை, மழை.

உன் கட்டிலருகிலும் நான் 'ஒண்ணுமில்ல' என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தேன்! உண்மையில் எனக்குப் பயம். உன்னைவிட எனக்குத்தான் பயம். அதை உன் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, உனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பாலத்தைத் தூக்கிவிட்டுக் கூண்டில் உட்கார்ந்திருப்பதுதான் பாலக்காரன் வேலை. படகில் ஏறிக்கொள்வது அல்ல.

திங்கட்கிழமை நான் வரட்டுமா? உள்ளே வரமாட்டேன். கதவுக்கு வெளியே, உன் கண்ணில் படாமல் உட்கார்ந்திருப்பேன். கதவு திறக்கும்போது நான் அங்கே இருப்பேன் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு உள்ளே போ. டூராக்கைப் பார்த்தால் நீ சிரிக்காமல் இருக்க முடியாது; சிரித்தால் தையல் வலிக்கும், அது ஆறும் வரை படத்தைக்கூடக் காட்டமாட்டேன். அவன் முடி வளர்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடு.

வரலாம் என்றால் நர்ஸை விட்டு ஒரு போன் போடச் சொல். அவரிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் வைத்துவிடுவேன்.

உன்,
கோசே