மன்னியின் இரண்டு கைகள்

எங்கே இருக்கிறாய் என்றே தெரியாத என் ஆசை மன்னிக்கு,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. அண்ணா தென்னூர் ஆபீசுக்குப் போகிறான், வருகிறான், போட்டதைச் சாப்பிடுகிறான். உன் பெண் குமுதா தாவணி போட ஆரம்பித்துவிட்டாள். நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஸ்கூலில் வழக்கம்போல எல்லாரிடமும் எரிந்து விழுகிறேன். முன்பெல்லாம் நீ கேலி செய்தே என்னை அடக்குவாய். இப்போது அடக்க ஆளில்லை.

உன் மார்பில் கட்டி வந்து, இடது பக்கத்தை முழுசாக எடுத்தபோதுகூட நீ கலங்கவில்லை. "உசிர் இருக்கே, போறும்" என்று எங்களுக்குத் தைரியம் சொன்னாய். உன்னால் தாங்க முடியாமல் போனது எதிர்வீட்டுச் சீமந்தத்தில்தான். ரவிக்கைக்குள் வைத்திருந்த பஞ்சு உருண்டை, குனிந்து பரிமாறும்போது நழுவி ஒரு மாமியின் இலையில் விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பாய். அந்த மாமி இலையை மூடிவிட்டு எழுந்துபோனாள்.

அன்றிலிருந்து ஒரு கையால்தான் பரிமாறினாய். இன்னொரு கை புடவைத் தலைப்பை மார்போடு அழுத்திப் பிடித்திருக்கும். ஊரையே உட்காரவைத்துப் பந்தி விசாரித்தவளுக்கு அந்த நிலைமை.

மெட்ராஸில் ஒரு டாக்டர் வயிற்றுச் சதையைத் தோலோடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்த்தி மார்பு பண்ணித் தருகிறார் என்று கேள்விப்பட்டதும் அண்ணாவைப் பிடுங்கி எடுத்துவிட்டாய். இந்த வயதில் எதற்கு என்று உறவுக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். "எனக்கு ரெண்டு கையும் வேணும், அவ்வளவுதான்" என்றாய். ஆபரேஷன் மேல் ஆபரேஷனாக மாதக்கணக்கில் அங்கே கிடந்தாய். திரும்பி வந்தபோது தையல் ஓரம் மட்டும் இன்னும் சரியாகக் காயவில்லை. தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆனால் நம் ஆத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவள் தலைக்குக் குளிக்காமல் அடுப்படிக்குள் நுழைய முடியுமா? பெட்டியை வைத்த கையோடு காவேரிக்குக் கிளம்பினாய்.

"மன்னி, டாக்டர் சொன்னதை மறந்துட்டியா?" என்றேன்.

"போடி அசடே. இத்தனை மாச ஆஸ்பத்திரி விழுப்போட பெருமாளுக்குத் தளிகை பண்ணச் சொல்றயா? காவேரி பட்டா புண்ணு ஆறுமே தவிர, வேறென்ன ஆகும்?"

முழுக்குப் போட்டுவிட்டு, மடிக்காக நனைந்த புடவையையே சுற்றிக்கொண்டு வந்தாய். அது உடம்பிலேயே காயும்வரை அடுப்பின் முன்னால் நின்று அக்காரவடிசல் கிளறினாய். பெருமாளுக்குக் காட்டியபின் எங்களை உட்காரவைத்தாய். "பாருடி ஜானகி, ரெண்டு கை!" என்று குனிந்து குனிந்து பரிமாறினாய். அண்ணா இலையைப் பார்த்தபடியே அழுதான். அதைவிட நல்ல சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை, மன்னி.

சில வாரம் கழித்துத் தையலோரம் சிவந்தது. வீங்கியது, உடைந்தது, தண்ணீராகச் சீழ் வடிந்தது. பெனிசிலினுக்குக் கேட்கவில்லை. சீழை மெட்ராஸுக்கு அனுப்பினால் கிருமியே இல்லை என்று பதில் வந்தது. கிருமி இல்லாமலா ரவிக்கை ரவிக்கையாக நனைகிறது? ரொம்ப நாள் கழித்துத்தான் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். தண்ணீரிலும் மண்ணிலும் இருப்பதாம். காசநோய்க் கிருமிக்குத் தூரத்து உறவாம். மனுஷர் உடம்புக்குள் அபூர்வமாகத்தான் வருமாம். அபூர்வமாக வருகிற விருந்தாளிக்கு உன் உடம்புதானா கிடைத்தது?

காசநோய்க்குப் போடுகிற ஊசிக்கும் அது அசையவில்லை. அவ்வளவு பாடுபட்டுப் பண்ணிய மார்பை அந்த டாக்டரே வெட்டி எடுக்கும்படி ஆயிற்று. அதற்கப்புறமும் புண் ஆறவில்லை. ஜுரம் உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்தது.

எல்லாம் முடிந்தபின் டாக்டரிடம் கேட்டேன், காவேரியாலா என்று. "சொல்ல முடியாதும்மா. காவேரித் தண்ணியா இருக்கலாம், எங்க ஆஸ்பத்திரித் தண்ணியாவும் இருக்கலாம். இனிமே யாருக்கும் தெரியப்போறதில்லை" என்றார்.

நான் எதைத் திட்டுவது? மலைக்கோட்டைக்குப் போகிற பஸ் பாலத்தில் ஏறும்போதெல்லாம் கீழே காவேரி ஓடுகிறது. சில நாள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். சில நாள், பாவம், அது என்ன செய்யும் என்று தோன்றுகிறது. கோவில் பெருமாளைக் கேட்டால் அவர் பாம்பணையில் படுத்தது படுத்தபடி இருக்கிறார். எனக்கு நம்பிக்கை என்று ஒன்றும் மிச்சமில்லை, மன்னி. உன்னிடம் எதற்குப் பொய் சொல்ல?

போன வாரம் முசிறியிலிருந்து உன் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். குமுதாதான் பரிமாறினாள். ரசத்தை எடுத்துக்கொண்டு வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். உன் பெண் ஒரு கையால் சாதம் போடுகிறாள். இன்னொரு கை தாவணியை மார்போடு அழுத்திப் பிடித்திருக்கிறது.

அவள் உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. பரிமாறுவது என்றால் அப்படித்தான் என்று உன்னைப் பார்த்துப் படிந்துபோயிருக்கிறது. நீ இரண்டு கையாலும் பரிமாறியதை அவளும் பார்த்தாள். ஆனால் அது சில வாரம்தானே?

உன் வருஷாப்திகத் திதியன்று பந்தி போடும்போது அவள் பக்கத்திலேயே நிற்பேன், மன்னி. மார்பிலிருந்து அந்தக் கையை எடுத்துவிடுவேன். திரும்பத் திரும்ப அது அங்கேயே போனாலும், திரும்பத் திரும்ப எடுத்துவிடுவேன்.

உன்னிடம் திட்டு வாங்க ஏங்கும் நாத்தனார்,
ஜானகி