குன்னூர் கிளப்பில் ஊதிய சங்கு

குந்தா,
திங்கட்கிழமை

அன்புள்ள ரஞ்சனியின் அப்பாவுக்கு,

இப்படி அழைத்தால் உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். போனில் அவள் பேச்சை எடுத்தாலே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். மற்ற எல்லாப் பேச்சுக்கும் மஸ்கட்டில் சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது. கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது அல்லவா? அதனால் பேனாவை எடுத்தேன்.

நாங்கள் சுகம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது, தேயிலைக் கொழுந்து நன்றாக வருகிறது. நம் லயத்து வீட்டுக்குப் பின்னால் காட்டுமாடு வந்து அவரைப் பந்தலைச் சாய்த்துவிட்டுப் போனது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் சொல்லுங்கள்.

லீவில் வரும்போது வீட்டில் ரஞ்சனி இருந்தால் மேட்டுப்பாளையத்தில் தம்பி வீட்டிலேயே தங்கிக்கொள்வேன் என்று சொன்னீர்கள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டுச் சினிமாவுக்கு ஒலிப்பதிவு கற்கப் போனாள். தப்பென்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக அப்பாவும் மகளும் வருஷக்கணக்கில் பேசாமல் இருப்பதா? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அந்த மத்தளம் நான்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவள் ஒலிப்பதிவு செய்த முதல் படத்தை நேற்றுக் குன்னூரில் போட்டார்கள். நம் எஸ்டேட்டிலேயே எடுத்த படம், கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணின் கதை. போட்ட இடம் எது தெரியுமா? பழைய துரைமார் கிளப். உங்கள் அப்பா பின்வாசலில் விறகு இறக்கிவிட்டு அப்படியே திரும்பி வருவாரே, அதே கல் கட்டிடம். இப்போது நாலைந்து இளைஞர்கள் அதை வாடகைக்கு எடுத்து, பெரிய தியேட்டர்கள் சீந்தாத சின்னப் படங்களைக் காட்டுகிறார்கள். சுவரில் மான் கொம்பு மாட்டிய ஆணிகூட அப்படியே இருக்கிறது. குளிர்காயும் அடுப்புக்கு மேலே திரை.

நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் பஸ் பிடித்துப் போனோம். முன்வாசலில் ஏறும்போதே மூக்கம்மா செருப்பைக் கழற்றிவிட்டாள். அவளைப் பார்த்து எல்லாரும் கழற்றினோம். அந்த இடத்தை நடத்துகிற கிருத்திக் என்ற பையன் ஓடி வந்து, "ஏனுங்க, செருப்போடயே வாங்க" என்றான். "மரத்தரைங்க தம்பி, சேறாயிரும்" என்று சொல்லி மூக்கம்மா வெறுங்காலோடு உள்ளே நடந்தாள். குளிரில் எங்கள் கால் விறைத்ததுதான் மிச்சம்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. அங்கே அதற்கென்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, எல்லாருக்கும் டீ கொடுக்கிறார்கள். மழை குறைந்ததும் மறுபடி ஓட்டினார்கள்.

அப்புறம் நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். படத்தில் அந்தப் பெண் பறித்துக்கொண்டிருக்கிறாள், எங்கும் பனிமூட்டம், பறித்த கொழுந்தை எடைக்குக் கூப்பிடும் ஃபேக்டரியின் மத்தியானச் சங்கு ஊதுகிறது. அவ்வளவுதான். நாங்கள் எல்லாரும் எழுந்துவிட்டோம். பேச்சியம்மா தின்றுகொண்டிருந்த முறுக்கை மடியில் கட்டிக்கொண்டு, யார் காலையோ மிதித்துக்கொண்டு வெளியே கிளம்பினாள். நான் தோளுக்குப் பின்னால் கையை விட்டு இல்லாத கூடையைத் தேடினேன். நாங்கள் எழுந்ததைப் பார்த்து, தீப்பிடித்துவிட்டதென்று நினைத்து, படம் பார்க்க வந்திருந்த கோயமுத்தூர்க்காரர்களும் எழுந்துவிட்டார்கள்.

விளக்கைப் போட்டார்கள். சத்தத்தில்தான் ஏதோ கோளாறு என்று பயந்து ரஞ்சனி பின்னாலிருந்து ஓடி வந்தாள். என்னாச்சு என்று அவள் கேட்டதற்குப் பேச்சியம்மா, "சங்கு ஊதிருச்சில்ல கண்ணு, எடைக்குப் போக வேண்டாமா?" என்றாள். சபையே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். ரஞ்சனி மட்டும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அந்தச் சங்கை ஃபேக்டரிப் பக்கத்திலேயே நின்று பதிவு செய்திருக்கலாமே என்று வீடு திரும்பும் வழியில் அவளிடம் கேட்டேன். "அங்க நின்னா அது வெறும் இரைச்சலும்மா. நீ பறிக்கிற மேட்டுல நின்னு கேட்டாத்தான் அது சங்கு" என்றாள். அதற்காகத்தான் போன மழைக்காலம் முழுக்க மேட்டில் போய் நனைந்தாளாம். நான்தான் பெண்ணுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று உங்களிடம் புலம்பினேன்.

படம் முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, இது யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். இசக்கிமுத்து மகள் என்று நான் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, உங்களுக்கும் சேர்த்து நானே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

நீங்கள் லீவில் வருகிற வாரம், ஞாயிற்றுக்கிழமை, அதே படத்தை மறுபடி போடுகிறார்கள். தம்பி வீட்டில் தங்குவதானால் தங்குங்கள், நான் தடுக்கவில்லை. அன்றைக்கு மட்டும் மலையேறி வாருங்கள். சுவெட்டரை நான் கொண்டு வருகிறேன். ரஞ்சனியிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நீங்கள் வராமல் போனால் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியாது.

விளக்கை அணைத்த பிறகு அவளை நானே கூட்டி வந்து உங்கள் பக்கத்தில் உட்காரவைப்பேன். பேசமாட்டாள், உங்கள் பிடிவாதம்தானே அவளுக்கும். நீங்களும் பேச வேண்டாம். எழுந்து போகாமல் இருங்கள், அது போதும்.

மாரியம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
பாலாமணி